குதிரைக்குக் கிடைச்ச மரியாதை: ஃபோர்ட் ரைலி பத்தி வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல, முழு ராணுவ மரியாதையோட அடக்கம் பண்ணப்பட்ட ஒரு குதிரையைப் பத்தி சின்னதா ஒரு பதில் எழுதியிருந்தேன். அமெரிக்காவுல கன்சாஸ் மாநிலத்துல இருக்கிற ஃபோர்ட் ரைலிங்கிற பயிற்சி முகாம்ல நடந்த விஷயம் அது. அதைப் படிச்சுட்டு அந்த முகாமைப் பத்தியும், அங்க உருவான 7-வது குதிரைப்படை ரெஜிமென்ட் பத்தியும் நிறைய பேர் கேட்டிருக்கீங்க. அதனால இந்தத் தடவை பக்கம் முழுக்க அதுக்கே. மத்த கேள்வி அனுப்பினவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்குங்க.

கேள்வி: கடலும் பக்கத்துல இல்ல, எல்லையும் இல்ல. நாட்டோட நட்ட நடுவுல எதுக்கு சார் ஒரு கோட்டை? (ஒரு வாசகர், விருதுநகர்)

பதில்: நடுவுல இருக்கிறதுதான் காரணமே. 1853-ல அந்த இடத்துக்கு மொதல்ல வச்ச பேரே கேம்ப் சென்டர்தான், நாட்டோட மையம் அதுதான்னு அன்னைக்கு நெனச்சாங்க. ஸ்மோக்கி ஹில், ரிபப்ளிகன்னு ரெண்டு ஆறு ஒண்ணு சேர்ந்து கன்சாஸ் ஆறா ஓட ஆரம்பிக்கிற இடம். கிழக்குல இருந்து மேற்க குடியேறப் போறவங்களும் வியாபாரிகளும் மாட்டு வண்டியில அந்தப் பக்கமாத்தான் போவாங்க, அவங்களுக்குக் காவல் வேணும்னு படையைக் கொண்டுவந்து நிறுத்தினாங்க. 1829-ல சான்டா ஃபே பாதையில வணிக வண்டிகளுக்கு மொதல் ராணுவக் காவலா போனவர் பென்னட் ரைலி, அவர் 1853-ல இறந்துட்டார், அதனால அவர் பேரையே வச்சுட்டாங்க.

கோட்டைன்னதும் செஞ்சி மாதிரி மதிலும் அகழியும் கற்பனை பண்ணிக்காதீங்க. நடுவுல பெரிய மைதானம், சுத்தி அந்த ஊர் சுண்ணாம்புக் கல்லுல கட்டின வீடுகள், லாயங்கள், அவ்வளவுதான். 1855-ல கட்டடம் கட்டிட்டு இருக்கும்போதே காலரா வந்து வேலையாளுங்க கொத்துக்கொத்தா செத்தாங்க, கட்டுமானத்துக்குப் பொறுப்பா இருந்த மேஜர் எட்மண்ட் ஆக்டனும் அதுலதான் போனார்.

இன்னொண்ணையும் சொல்லிடணும். அது யாரும் இல்லாத வெத்து நிலம் இல்ல. கன்சாஸ்ங்கிற பேர் யாரோட பேரோ, அந்த கான்சா ஜனங்க (காவ்னும் சொல்வாங்க) வேட்டையாடிட்டு இருந்த பூமி. அவங்களை கொஞ்சம் கொஞ்சமா ஒதுக்கி, 1873-ல மொத்தமா இப்போதைய ஒக்லஹோமா பக்கம் அனுப்பிட்டாங்க. இந்த முகாமோட எல்லாக் கதைக்கும் அடியில இது கிடக்கு, இதை விட்டுட்டு மத்ததை மட்டும் சொன்னா அது வரலாறே இல்ல.

கேள்வி: 7-வது குதிரைப்படை எப்ப ஆரம்பிச்சது? கஸ்டர் உண்மையிலேயே பெரிய வீரரா, சினிமாவுல மட்டும்தானா? (ஒரு கல்லூரி மாணவர், திருச்சி)

பதில்: உள்நாட்டுப் போர் 1865-ல முடிஞ்சது, அடுத்த வருஷமே ராணுவத்துல புதுசா சில குதிரைப்படைகளைச் சேர்த்தாங்க, அதுல ஒண்ணு 7-வது. 1866 செப்டம்பர்ல ஃபோர்ட் ரைலியில உருவாச்சு. தலைமை கர்னல் ஆண்ட்ரூ ஸ்மித், ஆனா களத்துல படையை நடத்தினதும் பேர் வாங்கினதும் அவருக்கு அடுத்த இடத்துல இருந்த லெப்டினன்ட் கர்னல் ஜார்ஜ் ஆம்ஸ்ட்ராங் கஸ்டர்.

உள்நாட்டுப் போர்ல கஸ்டர் தைரியசாலிதான், அதை யாரும் மறுக்க முடியாது. ஆனா படைத் தலைவரா அவரைப் பாருங்க. 1867-ல மேற்க ஃபோர்ட் வாலஸ்ல இருக்க வேண்டிய ஆளு, உத்தரவே இல்லாம படையை விட்டுட்டு குதிரையிலயும் அப்புறம் ரயில்லயும் ஏறி ஃபோர்ட் ரைலியில இருந்த பொண்டாட்டியைப் பாக்க வந்துட்டார். படையை விட்டு ஓடினவங்களைச் சுடச் சொன்னதும் அதே கோடையிலதான். ராணுவ நீதிமன்றம் ஒரு வருஷம் சம்பளம் இல்லாம சஸ்பெண்ட் பண்ணுச்சு. தண்டனைக் காலம் முடியறதுக்குள்ளயே திருப்பிக் கூப்பிட்டுக்கிட்டாங்க, 1868 நவம்பர்ல வாஷிட்டா ஆத்தங்கரையில விடியக்காலையில தூங்கிட்டு இருந்த, செயென்ங்கிற பழங்குடி ஜனங்களோட ஒரு கிராமத்தை 7-வது படை தாக்குச்சு. சமாதானம் வேணும்னு கேட்டுட்டு இருந்த தலைவர் பிளாக் கெட்டிலும் அவர் மனைவியும் அதுல செத்தாங்க. எனக்கு இதை வீரம்னு எழுத கை வரல.

1876 ஜூன் 25, மொன்டானாவுல லிட்டில் பிக்ஹார்ன் ஆத்தங்கரையில நடந்த சண்டையைப் பத்தி கேள்விப்பட்டிருப்பீங்க. அதுக்கு படை கிளம்பினது ஃபோர்ட் ரைலியில இருந்து இல்ல, டகோட்டாவுல இருந்த ஃபோர்ட் ஆபிரகாம் லிங்கன்ல இருந்து. லகோட்டா, செயென், அரபாஹோ பழங்குடி ஜனங்க ஒண்ணா முகாம் போட்டிருந்த இடத்தை கஸ்டர் படையைப் பிரிச்சுக்கிட்டு போய் தாக்கினார். அவரோட நேரா போன அஞ்சு கம்பெனியில (கம்பெனின்னா ரெஜிமென்ட்டுக்குள்ள இருக்கிற சின்னப் படைப்பிரிவு) ஒருத்தர் கூட திரும்பல, ஏறக்குறைய 210 பேர்.

கேள்வி: அந்தப் போர்ல உயிர் பிழைச்சது ஒரே ஒரு குதிரைதான்னு படிச்சேன். அதை பாடம் பண்ணி வச்சிருக்காங்களாமே, நிஜமா? (ஒரு ஆசிரியை, நாகர்கோவில்)

பதில்: பாடம் பண்ணி வச்சிருக்கிறது நிஜம். ஒரே ஒரு உயிர்ங்கிறது நிஜம் இல்ல. 7-வது படையிலயே மத்த கம்பெனிகள் ஒரு குன்று மேல நின்னு ரெண்டு நாள் சண்டை போட்டு பிழைச்சாங்க, குதிரைகள்லயும் நிறைய லகோட்டா, செயென் ஆளுங்க கையில போயிடுச்சு. எல்லாத்துக்கும் மேல, ஜெயிச்ச பக்கத்துல ஆயிரக்கணக்கான பேர் உயிரோட இருந்தாங்க, அவங்களை அந்தக் கணக்குல யாருமே சேர்க்கல பாருங்க.

குதிரை பேரு கமான்ச்சி. 1868-ல ராணுவம் வாங்கின குதிரை, கேப்டன் மைல்ஸ் கியோ சவாரி பண்ணது. கியோ அந்தக் களத்துல செத்துப்போனார். ரெண்டு நாள் கழிச்சு போன ஆளுங்க, உடம்பெல்லாம் காயத்தோட நின்னுட்டு இருந்த இதைக் கண்டுபிடிச்சு, படகுல ஏத்தி கொண்டுவந்து வைத்தியம் பார்த்து தேத்தினாங்க. 1878 ஏப்ரல்ல கர்னல் ஸ்டர்ஜிஸ் எழுத்துலயே உத்தரவு போட்டார்: இனி இது மேல எப்பவும் யாரும் ஏறக்கூடாது, எந்த வேலையும் வாங்கக்கூடாது, ரெஜிமென்ட் அணிவகுப்புக்கு மட்டும் துக்கத் துணி போர்த்தி கூட்டிட்டு வரணும். இந்த ஸ்டர்ஜிஸோட மகனும் லிட்டில் பிக்ஹார்ன்லதான் செத்தான், அந்த உத்தரவைப் படிக்கும்போது இதையும் மனசுல வச்சுக்குங்க.

1880-கள் கடைசியில 7-வது படை ஃபோர்ட் ரைலிக்கே திரும்பி வந்துச்சு, கமான்ச்சியும் கூட வந்துச்சு. முகாம்ல அதை கட்டிப்போட மாட்டாங்க, இஷ்டத்துக்கு சுத்தும், ஆபீசர் வீட்டுத் தோட்டத்துல புகுந்து மேயும், கேன்டீன் பக்கம் போனா சிப்பாய்ங்க வாளியில பீர் ஊத்துவாங்க. அதைப் பாத்துக்கிட்டவர் கஸ்டாவ் கோர்ன், லாடம் அடிக்கிறவர். அவர் எங்க போனாலும் பின்னாடியே போகுமாம்.

இனிமேதான் எனக்கு எழுதக் கஷ்டமான இடம். 1890 நவம்பர் கடைசியில 7-வது படையை ஃபோர்ட் ரைலியில இருந்து ரயில் ஏத்தி தெற்கு டகோட்டாவுக்கு அனுப்பினாங்க. லகோட்டா ஜனங்க நடுவுல பேய் நடனம்னு ஒரு வழிபாடு பரவிட்டு இருந்துச்சு, நிலம் போய், எருமைக் கூட்டம் போய், சோத்துக்கே அரசாங்கத்தை எதிர்பாக்குற நிலைமையில, பழைய காலம் திரும்ப வரும்னு நம்பி ஆடின ஆட்டம் அது. அரசாங்கம் பயந்துடுச்சு. டிசம்பர் 28-ம் தேதி பிக் ஃபுட்ங்கிற தலைவரும் அவர் ஜனங்க சுமார் 350 பேரும் படைகிட்ட மாட்டினாங்க, அதுல பெரும்பாலும் பொம்பளைங்களும் குழந்தைங்களும். பிக் ஃபுட்டுக்கு நிமோனியா, எழுந்து நிக்கவே முடியாம வண்டியில படுத்திருந்தார், வெள்ளைக் கொடி கட்டியிருந்துச்சு. வுண்டட் நீ ஓடைக்கரையில கூடாரம் போட வச்சு, சுத்தி சுமார் 500 சிப்பாய், மேட்டு மேல நாலு ஹாட்ச்கிஸ் பீரங்கி. மறுநாள் காலையில துப்பாக்கியை எல்லாம் ஒப்படைங்கன்னு தேடும்போது ஒரு வெடி வெடிச்சுது. அதுக்கப்புறம் நடந்தது சண்டை இல்ல. ஓடினவங்களைத் துரத்தி மைல் கணக்கா சுட்டாங்க. குறைஞ்சது 150 பேர், சில கணக்குப்படி 300 பேர் வரைக்கும் செத்தாங்க. அப்புறம் பனிப்புயல் அடிச்சு, புது வருஷம் பொறந்துதான் போய் உறைஞ்சு கிடந்த உடம்புகளை எடுத்து ஒரே குழியில போட்டாங்க. செத்துக் கிடந்த தாய் பக்கத்துல ஒரு கைக்குழந்தை நாலு நாள் கழிச்சும் உயிரோட கிடந்துச்சு.

படை பக்கம் செத்தவங்க 25 பேருக்கு மேல, நிறைய பேர் தங்களோட ஆளுங்க குண்டு பட்டே செத்திருக்கணும், ஏன்னா எல்லாப் பக்கமும் சூழ்ந்து நின்னு எதிரும் புதிருமா சுட்டாங்க. அப்படிச் செத்தவங்கள்ல கஸ்டாவ் கோர்னும் ஒருத்தர். அவர் திரும்பி வராததுக்கு அப்புறம் கமான்ச்சி எதுலயும் ஒட்டாம இளைச்சுப் போய், 1891 நவம்பர்ல செத்துச்சு. ராணுவ மரியாதை கொடுத்தாங்க. கன்சாஸ் பல்கலைக்கழகத்துல லூயிஸ் டைச்ங்கிறவர் தோலைப் பாடம் பண்ணினார், 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில கூட்டம் கூட்டமா வந்து பார்த்தாங்க. இன்னைக்கும் லாரன்ஸ் ஊர்ல அந்தப் பல்கலைக்கழக மியூசியத்துல கண்ணாடிப் பெட்டிக்குள்ள நிக்குது.

கேள்வி: வுண்டட் நீயில பண்ணதுக்கு யாருக்காவது தண்டனை கிடைச்சுதா? (அதே ஆசிரியை, அதே கடிதத்துல)

பதில்: இல்ல. மேலதிகாரி ஜெனரல் நெல்சன் மைல்ஸ் கொதிச்சுப்போய் படைத்தலைவர் கர்னல் ஃபோர்சைத்தை பதவியில இருந்து இறக்கினார், விசாரணை வச்சார், விசாரணையில அவரை விடுவிச்சுட்டாங்க, போர்த்துறை மந்திரி திரும்பவும் பதவியைக் கொடுத்துட்டார். மைல்ஸ் ரிட்டயர் ஆனதுக்கு அப்புறமும், தப்பிப் பிழைச்சவங்களுக்கு நஷ்டஈடு கொடுங்கன்னு எழுதிக்கிட்டே இருந்தார், ஒண்ணும் நடக்கல. மாறா, அங்க இருந்த சிப்பாய்ங்க சுமார் 20 பேருக்கு மெடல் ஆஃப் ஹானர் கொடுத்தாங்க, அந்த நாட்டோட உச்சபட்ச வீர விருது அது. 1893-ல ஃபோர்ட் ரைலியில ஒரு நினைவுத்தூணும் வச்சாங்க, அதுல செத்த சிப்பாய்ங்க பேர் மட்டும்தான்.

நூறு வருஷம் கழிச்சு 1990-ல அமெரிக்க காங்கிரஸ் ஆழ்ந்த வருத்தம் தெரிவிச்சு தீர்மானம் போட்டுச்சு. அந்த மெடல்களைத் திரும்ப வாங்கணும்னு லகோட்டா ஜனங்க ரொம்ப காலமா கேட்டுட்டு இருக்காங்க. 2024-ல மறுஆய்வுக்கு உத்தரவு வந்துச்சு, 2025 செப்டம்பர்ல பாதுகாப்புத் துறை தலைவர் பீட் ஹெக்செத் மெடல் எல்லாம் அப்படியே இருக்கும்னு அறிவிச்சுட்டார். ஒரு குதிரை மேல யாரும் ஏறக்கூடாதுன்னு உத்தரவு போடுற அளவுக்கு மனசு இருந்த ராணுவம், அந்த ஓடைக்கரையில செத்த குழந்தைங்களுக்கு அந்த மனசைக் காட்டலயே, இதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

கேள்வி: பயிற்சி முகாம்னு சொல்றீங்க, அங்க குதிரைப்படைக்காரங்களுக்கு என்னதான் சொல்லிக்கொடுத்தாங்க? (ஒரு வாசகர், ஊட்டி)

பதில்: இந்தக் கேள்வி ஊட்டியில இருந்து வந்தது பொருத்தம், அங்க ரேஸ் குதிரையைப் பார்த்து வளர்ந்தவங்களுக்கு சட்டுனு புரியும். 1887-ல இங்க குதிரைப்படைக்கும் இலகு பீரங்கிப்படைக்கும் பள்ளிக்கூடம் வைக்க காங்கிரஸ் ஒப்புதல் கொடுத்துச்சு, 1907-ல அது மவுண்டட் சர்வீஸ் ஸ்கூல் ஆச்சு, 1919-ல கேவல்ரி ஸ்கூல், அதாவது குதிரைப்படைப் பள்ளி. சவாரியில செங்குத்தான மண்மேட்டுல இருந்து குதிரையோட நேரா கீழ இறங்குற பயிற்சி ரொம்ப பிரபலம், பழைய ஃபோட்டோக்கள்ல பார்த்தீங்கன்னா குதிரை கிட்டத்தட்ட பின்னங்கால் மேல உட்கார்ந்த மாதிரி சறுக்கும். ஆபீசர்களை ஃபிரான்ஸ்ல சோமூர் சவாரிப் பள்ளிக்கு அனுப்பி, அங்க படிச்சதை வந்து இங்க சொல்லிக்கொடுக்க வச்சாங்க. பின்னாடி இரண்டாம் உலகப்போர்ல பேர் வாங்கின ஜார்ஜ் பேட்டன் 1913-ல இங்கதான் வந்தார், வாள் சண்டை வாத்தியாரா. 1913 மாடல் குதிரைப்படை வாளை வடிவமைச்சதே அவர்தான். வெட்டுறதுக்கு இல்ல, குத்துறதுக்குனு நேரான அலகு வச்சது.

ஆனா எனக்குப் பிடிச்சது வேற பக்கம். லாடம் அடிக்கவும் குதிரை வைத்தியம் பார்க்கவும் சொல்லிக்கொடுத்தாங்க, 1905-ல ரொட்டி சுடுறவங்களுக்கும் சமையல்காரங்களுக்கும் தனிப் பள்ளிக்கூடமே திறந்தாங்க. குதிரைப்படைன்னா நமக்கு வாளும் பாய்ச்சலும்தான் ஞாபகம் வருது, ஆனா ஒரு ரெஜிமென்ட் நாலு நாள் நகரணும்னா தீவனம், தண்ணி, லாடம், முதுகுப்புண் வராம சேணம் கட்டத் தெரிஞ்ச ஆளு, இது எல்லாம் ஒழுங்கா இருக்கணும். ஒரு குதிரைக்கு சேணம் உரசி முதுகு புண்ணாச்சுன்னா சிப்பாய் நடந்துதான் போகணும்.

1948 லண்டன் ஒலிம்பிக்ல ஈவென்டிங்ங்கிற (பல கட்டமா நடக்கிற குதிரைச் சவாரிப் போட்டி) குழுப் போட்டியில தங்கம் வாங்கின அமெரிக்க ராணுவ டீம் ஃபோர்ட் ரைலி வழி வந்ததுதான், ராணுவ டீம் ஒலிம்பிக்குக்குப் போனதும் அதோட கடைசி.

கேள்வி: கறுப்பின வீரர்கள் அந்த முகாம்ல இருந்தாங்களா? (ஒரு வாசகர், சென்னை)

பதில்: ஆரம்பத்துல இருந்தே இருந்தாங்க. 7-வது உருவான அதே 1866-லதான் 9-வது, 10-வது குதிரைப்படைகளும் உருவாச்சு, சிப்பாய்ங்க எல்லாம் கறுப்பர்கள், ஆபீசர்கள் கிட்டத்தட்ட எல்லாருமே வெள்ளைக்காரங்க. பஃபலோ சோல்ஜர்ஸ்னு பேரு. 10-வது படை 1867-ல ஃபோர்ட் ரைலிக்கு வந்துச்சு, 9-வது 1880-கள்ல வந்துச்சு. பிற்காலத்துல கேவல்ரி ஸ்கூல் நடந்த வருஷங்கள்ல 9-வது படையை பள்ளிக்கு உதவிப்படையா வச்சுக்கிட்டாங்க, குதிரையைப் பாத்துக்கிறது, பயிற்சிக்குத் தயார் பண்றது மாதிரி வேலை. போர்ல நிரூபிச்ச ரெஜிமென்ட்டை லாய வேலைக்கு வச்சது அநியாயம். இரண்டாம் உலகப்போர்ல 1944-ல 9-வதையும் 10-வதையும் வட ஆப்பிரிக்காவுக்கு கொண்டுபோய் கலைச்சுட்டு ஆளுங்களை சுமை ஏத்தி இறக்குற வேலைக்கு அனுப்பினாங்க.

1942-ல இங்க சேர்ந்தவர் ஜாக்கி ராபின்சன். 1947-ல பெரிய லீக் பேஸ்பால்ல நிறவெறிச் சுவரை உடைச்சாரே, அவரேதான். ஆபீசர் பயிற்சிக்கு தகுதி இருந்தும் கறுப்பர்களோட மனுவை எல்லாம் கிடப்புல போட்டிருந்தாங்க. அப்போ உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஜோ லூயிஸும் அதே முகாம்ல இருந்தார், அவர் வாஷிங்டன்ல தனக்குத் தெரிஞ்சவங்க மூலமா விஷயத்தைக் கொண்டுபோய் சேர்த்ததுக்கு அப்புறம்தான் கதவு திறந்துச்சு, 1943 ஜனவரியில ராபின்சன் செகண்ட் லெப்டினன்ட் ஆனார். முகாம் பேஸ்பால் டீம்ல அவரைச் சேர்க்கல. கேன்டீன்ல கறுப்பின வீரர்களுக்குனு சில நாற்காலிதான் ஒதுக்கியிருப்பாங்க, மத்தது காலியா இருந்தாலும் இவங்க நின்னுட்டு இருக்கணும். ராபின்சன் மேலதிகாரிகிட்ட ஃபோன்ல சண்டை போட்டு நாற்காலி எண்ணிக்கையை கூட்டினார், தனித்தனியா உட்காரணும்ங்கிறது மட்டும் மாறல. ராணுவத்துல நிறப் பாகுபாடு கூடாதுன்னு ஜனாதிபதி ட்ரூமன் உத்தரவு போட்டது 1948 ஜூலையில.

கேள்வி: ஸ்பானிஷ் ஃப்ளூ இங்க இருந்துதான் ஆரம்பிச்சதுன்னு ஒரு வீடியோவுல பார்த்தேன். (ஒரு நர்ஸ், வேலூர்)

பதில்: இங்க இருந்துதான்னு உறுதியா சொல்ல ஆதாரம் இல்லைங்க. முதல் உலகப்போருக்காக 1917-ல ஃபோர்ட் ரைலி இடத்துலயே கேம்ப் ஃபன்ஸ்டன்னு ஒரு பெரிய பயிற்சி முகாமை கட்டினாங்க, சுமார் 50,000 பேர் தங்குற மாதிரி மரக் கொட்டகைகள். குளிர்ல போர்வையும் அடுப்பும் பத்தாம எல்லாரும் நெருக்கியடிச்சு படுத்திருந்தாங்க. 1918 மார்ச் தொடக்கத்துல ஒரு சமையல்காரர் காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்கு வந்தார்னும், அன்னைக்கு மத்தியானத்துக்குள்ள நூறு பேர் வந்துட்டாங்கன்னும் சொல்வாங்க. அதுக்கு முன்னாடியே அதே மாநிலத்துல ஹாஸ்கெல்ங்கிற பகுதியில ஒரு கிராமத்து டாக்டர் கடுமையான ஃப்ளூ பத்தி எச்சரிச்சிருந்தார், அங்க இருந்து வந்த பசங்க மூலமா முகாமுக்குள்ள போயிருக்கலாம்னு ஒரு கருத்து இருக்கு. எங்க ஆரம்பிச்சாலும் சரி, இந்த மாதிரி முகாம்கள்ல கூட்டமா அடைச்சு வச்சு அப்புறம் கப்பல் ஏத்தி அனுப்பினதுதான் அதைப் பரப்புச்சு. அந்த வருஷ நடுவுல பம்பாய் துறைமுகம் வழியா நம்ம நாட்டுக்குள்ளயும் வந்து கோடிக்கும் மேல உயிரை வாங்குச்சு.

கேள்வி: போன இதழ்ல எழுதின குதிரை கமான்ச்சிதானா? இப்போ அங்க குதிரை இருக்கா? என் பையன் கன்சாஸ்ல வேலை பார்க்கிறான், போனா என்ன பார்க்கலாம்? (ஒரு வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: இல்லம்மா, அது வேற, சீஃப்னு பேரு. 1932-ல பொறந்தது, 1940-ல ராணுவம் வாங்குச்சு, அடுத்த வருஷம் ஃபோர்ட் ரைலிக்கு வந்துச்சு. அதுக்குள்ள டாங்கிகள் வந்து குதிரைப்படையோட காலம் முடிஞ்சுக்கிட்டு இருந்துச்சு, அமெரிக்கப் படை கடைசியா குதிரை மேல பாய்ஞ்சு தாக்கினது 1942 ஜனவரியில பிலிப்பைன்ஸ்லதான். கேவல்ரி ஸ்கூல் 1946-ல மூடியாச்சு, 1950-ல குதிரைப்படைங்கிற பிரிவே கவசப்படையில கரைஞ்சுபோச்சு. சீஃப் மட்டும் ராணுவக் கணக்குல இருந்த கடைசி குதிரைப்படைக் குதிரையா இருந்து 1968 மே மாசம் 36 வயசுல செத்துச்சு, குதிரைக்கு அது ரொம்பப் பெரிய வயசு. நின்ன நிலையிலயே அணிவகுப்பு மைதானத்து ஓரமா புதைச்சிருக்காங்க.

விழாக்களுக்காக 1992-ல ஒரு சின்ன குதிரைக் காவல் அணியை ஆரம்பிச்சு, பழைய கால சீருடையில நடத்திட்டு இருந்தாங்க. 2025 ஜூலையில ராணுவம் செலவைக் குறைக்கணும்னு ஃபோர்ட் ரைலி உட்பட பல இடங்கள்ல இந்த மாதிரி அணிகளை நிறுத்தப்போறதா அறிவிச்சுடுச்சு, குதிரைகளை வேற இடத்துக்கு மாத்தப்போறதா, இல்ல தத்து கொடுக்கப்போறதா அப்போ சொன்னாங்க. அதனால குதிரை இருக்கானு முன்னாடியே விசாரிக்காம நம்பிப் போகாதீங்க.

அது இப்பவும் 1-வது காலாட்படை டிவிஷன் இருக்கிற ராணுவ முகாம், உள்ள போக கேட்ல அடையாள அட்டை காட்டி அனுமதி வாங்கணும், பாஸ்போர்ட் கையில இருக்கட்டும், மியூசியம் திறந்திருக்கானு முன்னாடியே விசாரிச்சுக்குங்க. சீஃப் சமாதி, 1893 நினைவுத்தூண், ரெண்டையும் பாருங்க. தூண்ல இருக்கிற பேர்கள்ல கஸ்டாவ் கோர்ன் பேரைத் தேடிப் பாருங்க. கமான்ச்சி அங்க இல்ல, கிழக்க 150 கிலோமீட்டர் போல கார்ல போனா லாரன்ஸ் வரும், அங்கதான். பையனுக்கு ரெண்டு மூணு நாள் லீவு கிடைச்சா வடக்க தெற்கு டகோட்டாவுல லகோட்டா ஜனங்க இருக்கிற பைன் ரிட்ஜ் வரைக்கும் போயிட்டு வாங்க, ஒரு பகல் முழுக்க கார்ல போற தூரம். அங்க வுண்டட் நீயில மேட்டு மேல அந்தப் பெரிய புதைகுழியும், செத்தவங்க சொந்தக்காரங்க 1903-ல தாங்களே காசு போட்டு வச்ச கல்லும் இருக்கு. அது லகோட்டா ஜனங்களோட மயானம், ஃபோட்டோ எடுக்கிறதுக்கு முன்னாடி அங்க இருக்கிறவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.